விற்காத நேரத்தில் குடியேறிய பேய்கள்

அமெரிக்காவில் 1980-களில் ஒவ்வொரு நகரத்துத் தொலைக்காட்சி நிலையத்திலும் சவப்பெட்டியிலிருந்து எழுந்து வந்து திகில் படத்தை அறிமுகப்படுத்தும் ஒரு வேடக்காரர் இருந்தாராமே, அந்த வழக்கம் எங்கிருந்து வந்தது, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஏன் அற்றுப்போனது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு நிலையத்திலும் என்பது மிகை. ஆனால் பெரிய நகரங்கள் பலவற்றில் ஏதாவதொரு காலத்தில் அப்படி ஒருவர் இருந்தார் என்பது உண்மை. காரணத்தைப் பொறுத்தவரை, அந்நாட்டு மக்களின் பேய்க்கதை ஆசையில் விடை தேடுவதைவிட நிலையத்து விளம்பரப் பிரிவின் கணக்கேட்டில் தேடுவது நல்லது. சனிக்கிழமை இரவு 11.30-க்குப் பிந்தைய ஒளிபரப்பு நேரத்தை நல்ல விலை கொடுத்து வாங்க ஆளில்லை. விற்காத அந்த நேரத்தில்தான் பேய்கள் குடியிருந்தன. அதற்கு விலை கிடைக்கத் தொடங்கியதும் அவற்றைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

தில்லியிலிருந்து வருவதை நாடு முழுவதும் பார்க்கும் தூர்தர்ஷன் முறைக்குப் பழகிய நமக்கு அங்கிருந்த அமைப்பு சற்று அந்நியமானது. ஏபிசி, சிபிஎஸ், என்பிசி என்ற மூன்று பெரிய வலையமைப்புகள் நாடு முழுவதற்கும் நிகழ்ச்சி தயாரித்து அனுப்பினாலும், அவற்றை வீடுகளுக்குக் கொண்டுசேர்த்தவை அந்தந்த நகரத்தில் உரிமம் பெற்ற தனித்தனி நிலையங்களே. மாலை நேர முதன்மை நிகழ்ச்சிகள் வலையமைப்பிலிருந்து வரும். மீதி நேரத்தின் பெரும்பகுதியை நிலையம் தன் பொறுப்பில் நிரப்பிக்கொள்ள வேண்டும். எந்த வலையமைப்போடும் சேராத சுயேச்சை நிலையங்களின் பாடு இன்னும் கடினம். காலை முதல் நள்ளிரவு வரை ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அவையே வழி தேட வேண்டியிருந்தது; பழைய தொடர்களின் மறு ஒளிபரப்பு, உள்ளூர் மல்யுத்தம், சிறுவர் நிகழ்ச்சி, சொற்பொழிவு, பழைய திரைப்படம் என்று எது மலிவாகக் கிடைத்ததோ அதுவே அவற்றின் சரக்கு.

இந்தச் சுயேச்சை நிலையங்களில் பல யூ.எச்.எஃப். அலைவரிசையில், அதாவது 14-ஆம் எண்ணில் தொடங்கும் சேனல்களில் இருந்தன. 2 முதல் 13 வரையிலான வி.எச்.எஃப். சேனல்களை வலையமைப்பு நிலையங்கள் பெரும்பாலும் முன்பே பிடித்துக்கொண்டிருந்தன. 1962-இல் நிறைவேறிய ஒரு சட்டத்தின் விளைவாக, 1964 முதல் தயாராகும் தொலைக்காட்சிப் பெட்டிகள் எல்லாம் யூ.எச்.எஃப்.பையும் வாங்கக்கூடியவையாக இருக்க வேண்டும் என்றானது. அதற்கு முன்பு பல வீடுகளில் அந்தச் சேனல்களைப் பார்க்கவே இயலாது. சட்டம் வந்த பிறகும் வெகு காலத்துக்கு அவை இரண்டாந்தரக் குடிமக்களாகவே இருந்தன. வி.எச்.எஃப். குமிழைத் திருப்பினால் அது சேனலுக்குச் சேனல் 'டக் டக்'கென்று நின்று நகரும். பழைய பெட்டிகளில் யூ.எச்.எஃப். குமிழோ வானொலியில் நிலையம் தேடுவதைப்போல வழுக்கிக்கொண்டு போகும். வளையம்போன்ற சிறிய ஆன்டெனாவை ஒரு கையால் பிடித்துத் திருப்பியபடி இன்னொரு கையால் குமிழை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினால், வெண்புள்ளிகள் பொரியும் திரைக்குள்ளிருந்து ஒரு முகம் மெல்ல மேலெழும். திகில் படம் பார்ப்பதற்கு இதைவிடப் பொருத்தமான வாசல் இருந்திருக்க முடியாது என்பது என் எண்ணம். ஓசையும் உருவமும் அரைகுறையாக வந்ததால்தான் அந்தப் படங்களின் அட்டைச் சுவர்களும் ரப்பர் முகமூடிகளும் நம்பும்படி இருந்தன.

படங்கள் கிடைத்த கதை 1957-இல் தொடங்குகிறது. யூனிவர்சல் நிறுவனம் 1930-களிலும் 40-களிலும் எடுத்திருந்த திகில், மர்மப் படங்களில் 52-ஐ ஸ்கிரீன் ஜெம்ஸ் நிறுவனம் 'ஷாக்' என்ற பெயரில் ஒரே கட்டாகக் கட்டித் தொலைக்காட்சி நிலையங்களுக்கு விற்றது. டிராகுலாவும் ஃபிராங்கன்ஸ்டைனும் அப்படித்தான் வீட்டுக்குள் வந்தார்கள். கூடவே யாரும் கேள்விப்படாத சுமாரான மர்மப் படங்களும் வந்தன. நல்லதை வாங்கினால் கெட்டதையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அந்தக் கட்டுவியாபாரத்தின் விதி. மோசமான படத்தையும் பார்வையாளர் எழுந்து போகாமல் பார்க்கவேண்டுமானால் இடையிடையே பேசிச் சிரிக்கவைக்க ஓர் ஆள் தேவை என்று நிலையங்கள் கண்டுகொண்டன. வாம்பைரா என்ற பெயரில் மைலா நூர்மி 1954-இலேயே லாஸ் ஏஞ்சலிஸில் இதைச் செய்து காட்டியிருந்தார். 'ஷாக்' கட்டு வந்ததும் ஃபிலடெல்ஃபியாவில் ஜான் ஜாக்கர்லி, சில ஆண்டுகள் கழித்துக் கிளீவ்லாந்தில் கூலார்டி என்ற பெயரில் எர்னி ஆண்டர்சன் என்று வரிசை நீண்டது. 1980-களில் திரையில் இருந்தவர்களில் பலர் இவர்களைப் பார்த்து வளர்ந்த இரண்டாம் தலைமுறை.

வேடக்காரர் ஏன் தேவைப்பட்டார் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை அதிகம் பேர் எழுதுவதில்லை. பழைய திகில் படங்கள் நீளத்தில் குறைந்தவை, பல 70 நிமிடத்தைத் தாண்டாதவை. நிலையம் ஒதுக்கியிருந்ததோ பெரும்பாலும் இரண்டு மணி நேரம். விளம்பரம் நிறைய விற்றிருந்தால் மீதியை அது நிரப்பியிருக்கும். நள்ளிரவில் அதற்கு வழியில்லை. எனவே இருபது நிமிடத்துக்குக் குறையாத ஓட்டையை யாராவது பேசி அடைக்க வேண்டும். தனியாக நடிகரை வைத்துக்கொள்ளும் வசதி பெரும்பாலான நிலையங்களுக்கு இல்லை. ஆகவே பகலில் வானிலை சொல்பவரையோ, விளம்பரங்களுக்குக் குரல் கொடுப்பவரையோ பிடித்து ஒரு கறுப்பு மேலங்கியை மாட்டிவிட்டார்கள்.

வேலை நடந்த விதத்தைச் சொன்னால் நிகழ்ச்சியின் தோற்றம் ஏன் அப்படி இருந்தது என்பது விளங்கும். படம் 16 மி.மீ. பிரிண்டாக ஒரு தகரப் பெட்டியில் வரும். பல சமயம் வேறொரு நகரத்து நிலையத்தில் ஓடிவிட்டு அப்படியே அடுத்த ஊருக்கு அனுப்பப்பட்டதாக இருக்கும். படச்சுருள் அறையில் இருப்பவர் அதைச் சுற்றிப் பார்த்து, அறுந்த இடங்களை ஒட்டி, விளம்பர இடைவேளை வரவேண்டிய இடங்களைத் தேர்ந்து அங்கே வெட்டிக் கறுப்புச் சுருளைச் செருகுவார். இடைவேளை நெருங்குவதைக் காட்டப் படச்சட்டத்தின் மேல் மூலையில் ஒரு புள்ளி கீறப்பட்டிருக்கும். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் அந்தப் புள்ளியைக் கண்டதும் ஒளிநாடா இயந்திரத்தை முடுக்க வேண்டும், ஏனென்றால் நாடா சீரான வேகத்தை எட்டச் சில நொடிகள் பிடிக்கும். ஐந்தாறு ஊர் சுற்றி வந்த பிரிண்டில் ஐந்தாறு நிலையத்தாரின் கீறல்கள் இருக்கும். எது தங்கள் புள்ளி என்று தடுமாறி, காட்டேரி வாயைத் திறக்கும் கணத்தில் மெத்தை விளம்பரம் பாய்ந்து வருவது அந்நாள் பார்வையாளர்களுக்குப் பழகிப்போன காட்சி. வேடக்காரர் பேசும் பகுதிகளைச் செய்தி அரங்கின் ஒரு மூலையில், செய்தி முடிந்து விளக்குகள் சூடு ஆறுவதற்குள், ஒரே மூச்சில் பதிவு செய்துவிடுவார்கள். சவப்பெட்டி, சிலந்தி வலை, ஒரு மண்டையோடு, உலர் பனிக்கட்டியின் புகை என்று அரங்கப் பொருள்கள் ஒரு பரணில் அடங்கிவிடும். வசனம் பெரும்பாலும் வேடக்காரரே எழுதியது.

ஆட்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பிட்ஸ்பர்க்கில் 'சில்லர் தியேட்டர்' நடத்திய பில் கார்டில் அதே நிலையத்தில் வானிலை சொன்னார், மல்யுத்தப் போட்டிக்கு வர்ணனை கொடுத்தார், நன்கொடை திரட்டும் நிகழ்ச்சிகளை நடத்தினார். 1968-இல் வெளியான 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்தை ஜார்ஜ் ரொமேரோ பிட்ஸ்பர்க் வட்டாரத்திலேயே எடுத்தபோது அதில் தொலைக்காட்சிச் செய்தியாளராகத் தோன்றியவரும் இவரே. வாஷிங்டனில் கவுன்ட் கோர் டி வால் என்ற காட்டேரிப் பிரபுவாக வந்த டிக் டைசல், அதே 20-ஆம் சேனலில் பகலில் போஸோ என்ற கோமாளியாகவும், கேப்டன் 20 என்ற விண்வெளி வீரராகவும் குழந்தைகளுக்குக் காட்சி தந்தார்; இடைப்பட்ட நேரத்தில் நிலையத்தின் அறிவிப்பாளரும் அவரே. ஃபுளோரிடாவின் டாம்பா வட்டாரத்தில் டாக்டர் பால் பேரர் என்ற பெயரில் டிக் பென்னிக் 1973-இல் தொடங்கி 1995-இல் இறக்கும்வரை அந்த வேலையை விடவில்லை. அவருடைய பெயரே ஒரு சிலேடை. ஆங்கிலத்தில் வேகமாகச் சொன்னால் பாடை தூக்குபவர் என்று பொருள்படும். ஊர்வலங்களுக்கு அவர் பிண வண்டியில்தான் வருவார்.

உள்ளூர்த்தன்மை என்றால் என்ன என்பதற்குச் சிகாகோவைச் சொல்ல வேண்டும். 1970 முதல் 1973 வரை அந்நகரத்து 32-ஆம் சேனலில் ஜெரி ஜி. பிஷப் என்பவர் ஸ்வென்கூலி என்ற வேடத்தில் வந்தார். கல்லூரி மாணவராக இருந்த ரிச் காஸ் அவருக்கு நகைச்சுவைத் துணுக்குகள் எழுதி அஞ்சலில் அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த வழியாகவே உள்ளே நுழைந்து, 1979-இல் அதே சேனலில் 'சன் ஆஃப் ஸ்வென்கூலி' ஆனார். மட்டமான சிலேடை சொன்னால் திரைக்கு வெளியிலிருந்து அவர்மீது ரப்பர்க் கோழிகள் வந்து விழும். சிகாகோவை ஒட்டிய பெர்வின் என்ற சிற்றூரின் பெயரைத் திகிலான குரலில் நீட்டி முழக்குவது பிஷப் காலத்திலிருந்து தொடர்ந்த ஒரு வேடிக்கை. வேறு மாநிலத்தவருக்கு அதில் சிரிக்க எதுவுமில்லை. அந்த ஊரின் வழியாகத் தினமும் போய்வருகிறவர்களுக்கோ, பெரிய நகரத்து ஆட்கள் பக்கத்துச் சிற்றூரைக் கிண்டல் செய்யும் அந்தத் தொனி முதல் எழுத்திலேயே புரிந்துவிடும். வலையமைப்பு நிகழ்ச்சி ஒன்றால் இதைச் செய்யவே முடியாது. முப்பது மைல் வட்டாரத்துக்கு மட்டும் புரியும் நகைச்சுவையை நாடு முழுவதற்கும் அனுப்ப யார் ஒப்புவார்கள்?

இந்த வட்டத்திலிருந்து வெளியேறி நாடறிந்த புகழ் பெற்றவர் எல்வைரா. லாஸ் ஏஞ்சலிஸின் 9-ஆம் சேனல் தன் பழைய திகில் நிகழ்ச்சியைப் புதுப்பிக்க நினைத்தபோது முதலில் மைலா நூர்மியைக் கொண்டு வாம்பைராவையே மீட்கப் பார்த்தது. அது ஒத்துவராமல் போகவே கசாண்ட்ரா பீட்டர்சன் என்ற நகைச்சுவை நடிகையைத் தேர்ந்தது. 1981-இல் 'மூவி மகாபர்' தொடங்கியது. உயரக் கட்டிய கறுப்புக் கூந்தலும், கழுத்து இறங்கிய கறுப்பு உடையும், அவற்றுக்குச் சற்றும் பொருந்தாத லாஸ் ஏஞ்சலிஸ் பள்ளிச் சிறுமியின் பேச்சும் சேர்ந்ததுதான் அந்தப் பாத்திரம். சில ஆண்டுகளில் அந்த நிகழ்ச்சி பிற நகரங்களுக்கும் விற்கப்பட்டது. பீர் விளம்பரம், பொம்மை, உடை என்று வணிகம் பெருகி, 1988-இல் அவர் பெயரிலேயே திரைப்படமும் வந்தது. தன் உருவத்தைத் திருடிவிட்டதாக நூர்மி தொடுத்த வழக்கு தோற்றது. ஒருவருடைய உருவத்தைப் பயன்படுத்துவது என்றால் அவரையே காட்டுவதாக இருக்க வேண்டும், அவரைப் போன்ற ஒன்றைக் காட்டுவது போதாது என்று நீதிமன்றம் கருதியது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் 1954-இல் ஒரு பெண் ஓராண்டுக் காலம் நடத்தியது முப்பது ஆண்டுக்குப் பிறகு இன்னொருவருக்குப் பெரும் வணிகமானதும், முதலாமவருக்கு அதில் ஏதும் கிடைக்காததும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

காட்டுவதற்கு என்ன படம் கிடைத்தது என்பதிலும் பணமே பேசியது. 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படம் ஏன் ஏறக்குறைய எல்லா ஊர்களிலும், அதுவும் திரும்பத் திரும்ப, ஓடியது என்று பலர் வியப்பதுண்டு. அந்தப் படத்துக்கு முதலில் வேறு பெயர் வைத்திருந்தார்கள். விநியோகஸ்தர் பெயரை மாற்றியபோது, பழைய தலைப்பு அட்டையில் இருந்த பதிப்புரிமை அறிவிப்பு புதிய அட்டையில் விடுபட்டுப்போனது. அன்றைய அமெரிக்கச் சட்டத்தின்படி அறிவிப்பு இல்லாமல் வெளியானால் உரிமை போயிற்று. ஆகவே நல்ல பிரிண்ட் ஒன்று கையிலிருந்தால் எந்த நிலையமும் யாருக்கும் உரிமத்தொகை தராமல் அதை ஒளிபரப்பலாம். நவீன திகில் படங்களுக்கே முன்னோடியான ஒரு படைப்பு, ஓர் அட்டையில் நேர்ந்த மறதியால், நாட்டின் மிக ஏழை நிலையங்களுக்கெல்லாம் சொத்தாகிவிட்டது.

இனி திகில் தொடர்களுக்கு வருகிறேன், ஏனென்றால் 1980-களின் தனித்தன்மை உண்மையில் இதில்தான் இருக்கிறது. மூன்று வலையமைப்புகளும் தணிக்கைப் பிரிவுக்கும் விளம்பரதாரர்களின் முணுமுணுப்புக்கும் அஞ்சியதால் வாராவாரம் திகில் தருவதில் நாட்டம் காட்டவில்லை. அந்த இடத்தை நிரப்பியது சிண்டிகேஷன் என்ற முறை: தயாரிப்பாளர் தொடரை வலையமைப்பு வழியாக அனுப்பாமல் நிலையம் நிலையமாக விற்பார். அதிலும் பண்டமாற்று என்றே ஒரு வகை உண்டு. நிலையம் தொடருக்குக் காசு தரவேண்டியதில்லை; பதிலாக நிகழ்ச்சிக்குள் இருக்கும் விளம்பர நிமிடங்களில் ஒரு பங்கைத் தயாரிப்பாளருக்கு விட்டுக்கொடுத்துவிட வேண்டும், அவர் அதை நாடு தழுவிய விளம்பரதாரர்களுக்கு விற்றுக்கொள்வார். எப்படியும் விற்காமல் கிடந்த நிமிடங்களைக் கொடுத்துப் புத்தம்புதுத் தொடரைப் பெறுவது சுயேச்சை நிலையங்களுக்குக் கசக்குமா?

இப்படி வந்தவற்றில் முதன்மையானது 'டேல்ஸ் ஃப்ரம் தி டார்க்சைட்'. ரொமேரோவும் அவருடைய லாரல் நிறுவனமும் எடுத்த அதன் முன்னோட்டப் பகுதி 1983-இன் ஹாலோவீன் காலத்தில் வெளியானது. தொடர் 1984 முதல் 1988 வரை ஓடியது. பச்சை வயலும் காடும் காட்டிக்கொண்டே வந்து, ஒரு பாலத்தின் அருகில் காட்சி சட்டென்று நெகட்டிவாகக் கறுத்துப்போகும் அதன் தொடக்கம், செலவில்லாமல் பயமுறுத்துவது எப்படி என்பதற்கு ஒரு பாடம். அரைமணிக் கதைகள், பெரும்பாலும் ஒரே அறை, மூன்று நான்கு நடிகர்கள், கடைசி நிமிடத்தில் ஒரு திருப்பம். வசதிக் குறைவு பல கதைகளில் பல்லைக் காட்டும்; சிலவற்றில் அதுவே மூச்சு முட்டும் நெருக்கத்தைத் தந்துவிடும். அதே நிறுவனம் 1988-இல் 'மான்ஸ்டர்ஸ்' தொடரைத் தொடங்கியது. பாரமவுண்ட் 1987 முதல் 1990 வரை, டொரான்டோவில் எடுக்கப்பட்ட 'ஃப்ரைடே தி 13த்' தொடரைத் தந்தது. திரைப்படத்தின் பெயரைத் தவிர அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. முகமூடிக் கொலைகாரன் ஜேசன் எட்டிக்கூடப் பார்க்கமாட்டான். சாபம் ஏறிய பொருள்களை விற்றுவிட்ட ஒரு பழம்பொருள் கடையின் வாரிசுகள் அவற்றைத் தேடி மீட்பதுதான் கதை. இந்தக் கூட்டத்தில் திரைக்கதை சற்றுச் செறிவாக இருப்பது இதில்தான் என்பேன். 1988-இல் வந்த 'ஃப்ரெடீஸ் நைட்மேர்ஸ்' தொடரில் ராபர்ட் இங்லண்ட், 'எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்' திரைப்படங்களில் தான் நடித்த ஃப்ரெடி என்ற கொலைகாரனின் எரிந்த முகத்தோடு வந்து கதைகளை அறிமுகப்படுத்தினார். அதாவது, உள்ளூர் நிலையத்து வேடக்காரர் செய்த வேலையை இப்போது நாடு முழுவதற்கும் ஒரே ஆள் செய்யத் தொடங்கிவிட்டார்.

உள்ளூர் ஒளிபரப்பின் வரலாற்றில் மிகத் திகிலான ஒன்றரை நிமிடம் எந்தத் தொடரிலும் வந்ததல்ல. 1987 நவம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை. சிகாகோவின் 9-ஆம் சேனலில் இரவு 9 மணிச் செய்தியில் விளையாட்டுப் பகுதி ஓடிக்கொண்டிருந்தது. திரை கறுத்தது, பிறகு மாக்ஸ் ஹெட்ரூம் என்ற அக்காலத் தொலைக்காட்சிப் பாத்திரத்தின் ரப்பர் முகமூடி அணிந்த ஒருவர் தோன்றி ஆடினார். அவருக்குப் பின்னால் நெளிவுத் தகடு ஒன்று சுழன்றுகொண்டிருந்தது. பேச்சில்லை, ஓர் இரைச்சல் மட்டுமே. ஏறத்தாழ அரை நிமிடத்தில் நிலையத்துப் பொறியாளர்கள் அரங்கிலிருந்து கோபுரத்துக்குப் போகும் இணைப்பின் அலைவரிசையை மாற்றி அவரை வெட்டிவிட்டார்கள். மீண்ட செய்தியாளர், என்ன நடந்தது என்று நீங்கள் யோசித்தால் நானும் அதையேதான் யோசிக்கிறேன் என்ற பொருளில் ஏதோ சொல்லிச் சமாளித்தார்.

இரண்டு மணி நேரம் கழித்து, 11-ஆம் சேனல் என்ற பொது ஒளிபரப்பு நிலையத்தில் பிரிட்டனின் 'டாக்டர் ஹூ' தொடர் ஓடியது. கலங்கரை விளக்கம் ஒன்றில் ஒவ்வொருவராகச் செத்து விழும் திகில் கதை அன்றைக்கு அமைந்தது தற்செயல்தான். அதன் நடுவே அதே முகமூடி மீண்டும் வந்தது. இம்முறை குரலும் இருந்தது, ஆனால் சிதைந்து முறுகிய குரல். முனகல், சிரிப்பு, பொருளற்ற கிண்டல், முடிவில் ஒருவர் ஈயடிக்கும் மட்டையால் அவரை அடிப்பது என்று ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் ஓடித் தானாகவே நின்றது. நிறுத்த ஆளில்லை, சியர்ஸ் கோபுரத்தின் உச்சியில் இருந்த அந்நிலையத்தின் ஒளிபரப்பி அந்நேரத்தில் பொறியாளர் இல்லாமல் தானே இயங்கிக்கொண்டிருந்தது. செய்த விதம் ஓரளவு ஊகிக்கக்கூடியதே. அரங்கிலிருந்து கோபுரத்துக்குச் செல்லும் நுண்ணலை இணைப்பில் ஏற்பி எந்தச் சைகை வலுவாக இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். கோபுரத்தை நோக்கி, சரியான அலைவரிசையில், நிலையத்தினுடையதைவிட வலுவான கதிரை அனுப்பினால் போதும். ஆனால் யார், எதற்காக என்பதற்கு மத்தியத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யும் எஃப்.பி.ஐ.யும் தேடியும் இன்றுவரை விடையில்லை. ஆளில்லாத நள்ளிரவு நேரம், யாரும் காவல் காக்காத ஓர் இணைப்பு, ரப்பர் முகமூடி, நெளிவுத் தகடு. உள்ளூர்த் திகில் நிகழ்ச்சி ஒன்றுக்கு வேண்டிய அத்தனை சரக்கும் அதில் இருந்தது. நிலையத்தின் அனுமதிதான் இல்லை.

உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு வருகிறேன். முடிவுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். பிட்ஸ்பர்க்கின் கார்டில் 1983-ஆம் ஆண்டு முடிவோடு போனார். ஓக்லாந்தின் 'கிரீச்சர் ஃபீச்சர்ஸ்' 1984-இல் நின்றது. சிகாகோவின் காஸுக்கு 1986 ஜனவரி, எல்வைராவின் வாராந்தர நிகழ்ச்சிக்கு 1986, வாஷிங்டனின் டைசலுக்கு 1987. நான்கைந்து ஆண்டுக்குள் ஒரு மரபே சரிந்திருக்கிறது. வீடியோ கேசட் வாடகைக் கடைகளும் கேபிளும் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். வெட்டில்லாத, விளம்பரமில்லாத திகில் படம் தெருமுனைக் கடையில் கிடைக்கும்போது கீறல் விழுந்த 16 மி.மீ. பிரிண்டுக்காக யார் விழித்திருப்பார்கள் என்ற வாதம் தவறல்ல. ஆனால் மக்கள் படத்துக்காக மட்டும் அந்த நிகழ்ச்சியைப் பார்க்கவில்லை. மேலும், பார்வையாளர் குறைந்ததால் நின்றது என்றால் இத்தனை ஊர்களில் இவ்வளவு நெருக்கமாக நின்றிருக்காது.

எனக்குப் பெரிதாகத் தோன்றும் காரணம் 1984-இல் எஃப்.சி.சி. எடுத்த முடிவு. ஒரு மணி நேரத்தில் எவ்வளவு விளம்பரம் போடலாம் என்பதற்கு அதுவரை இருந்த வரம்பை ஆணையம் அந்த ஆண்டு நீக்கியது. நள்ளிரவின் அரைமணி நேரத்தை அப்படியே முழு விளம்பரமாக விற்க வழி பிறந்தது. சமையற்கட்டுக் கத்தி, உடற்பயிற்சிக் கருவி, ஒரே மாதத்தில் வீடு வாங்கி விற்றுச் செல்வராகும் வித்தை என்று பேசிக்கொண்டே இருக்கும் அந்த நீள் விளம்பரங்கள் நிலையத்துக்குக் கைமேல் காசு தந்தன. வசனம் எழுதவேண்டாம், விளக்குப் போடவேண்டாம், படம் வாடகைக்கு எடுக்கவேண்டாம். இன்னொரு பக்கம் நிலையங்களே கைமாறின. ரூபர்ட் மர்டாக் மெட்ரோமீடியா நிறுவனத்தின் நிலையங்களை 1985-இல் விலை பேசி 1986 மார்ச்சில் கைப்பற்றினார். சிகாகோவின் 32-ஆம் சேனலும் அவற்றில் ஒன்று. ஸ்வென்கூலியின் மகனுக்கு விடை கொடுக்கப்பட்டது அந்தக் கைமாற்றத்தை ஒட்டித்தான். 1986 அக்டோபரில் ஃபாக்ஸ் வலையமைப்பு தொடங்கியது. நேற்றுவரை சுயேச்சையாக இருந்த பல நிலையங்களுக்கு இப்போது மேலிடம் ஒன்று வந்துவிட்டது. நாடு முழுவதும் ஒரே முகம் காட்ட விரும்பும் மேலிடத்துக்கு ஊருக்கொரு பேய் எதற்கு?

போனதில் பெரும்பகுதி போனதுதான். ஒளிநாடா விலை உயர்ந்த பொருள் என்பதால் நிலையங்கள் ஒளிபரப்பான நாடாவை அழித்து அடுத்த வாரத்துக்குப் பயன்படுத்தின; சவப்பெட்டியிலிருந்து எழுந்தவரின் மேல் மறுவாரம் மாவட்டக் கால்பந்து பதிவானது. இன்று நாம் பார்க்கக் கிடைப்பவை பெரும்பாலும் வீட்டில் வி.சி.ஆர். வைத்திருந்தவர்கள் பதிந்து வைத்தவை. இரண்டு மணி நேர நாடாவில் ஆறு மணி நேரம் பிடிக்கும் மெதுவான வேகத்தில், சிக்கனத்துக்காகப் பதிந்ததால் உருவங்கள் கரைந்து வழியும். மாக்ஸ் ஹெட்ரூம் ஊடுருவலின் இரண்டாம் பகுதி மிஞ்சியிருப்பதற்கும் அன்றிரவு 'டாக்டர் ஹூ'வைப் பதிந்துகொண்டிருந்த ரசிகர்களே காரணம். அத்தகைய பதிவுகளைப் பார்க்கும்போது நான் படத்தை ஓட்டிவிட்டு உள்ளூர் விளம்பரங்களுக்காக நிறுத்துவேன். கம்பளக் கடைக்காரர் தானே கேமரா முன் நின்று கையை ஆட்டிப் பேசுவதைப் பார்த்தால், அடுத்துவரும் காட்டேரி அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் என்பது உறுதியாகிவிடும்.

மரபு அடியோடு அற்றுவிட்டது என்றும் சொல்ல முடியாது. 1988 நவம்பரில், பணமுடையில் இருந்த மினியாபொலிஸ் வட்டாரத்து 23-ஆம் சேனலில், ஜோயல் ஹாட்ஜ்சன் தன் கையால் செய்த இரண்டு பொம்மை ரோபோக்களுடன் நாற்காலியில் அமர்ந்து, நிலையத்தின் கிடங்கில் கிடந்த மட்டமான படங்களை ஓடும்போதே கிண்டல் செய்தார். 'மிஸ்டரி சயின்ஸ் தியேட்டர் 3000' என்ற அந்த நிகழ்ச்சி மறு ஆண்டே கேபிளுக்குப் போய்ப் பெயர் பெற்றது. டைசல் தன் காட்டேரிப் பிரபுவை 1998-இல் இணையத்துக்குக் கொண்டுபோனார். ரிச் காஸ் 1990-களின் நடுவில் வேறொரு சிகாகோச் சேனலில், இம்முறை மகன் என்ற ஒட்டு இல்லாமல், ஸ்வென்கூலியாகவே திரும்பினார். 2009 ஜூனில் அமெரிக்கா டிஜிட்டல் ஒளிபரப்புக்கு மாறியபோது ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரே அலைவரிசையில் கூடுதலாகச் சில துணைச் சேனல்கள் கிடைத்தன. அவற்றில் என்ன போடுவது என்று நிலையத்தார் விழித்தார்கள். பழைய தொடர்களும் படங்களும் காட்டும் மலிவான வலையமைப்புகள் அந்த இடத்தை நிரப்பக் கிளம்பின. அவற்றில் ஒன்றான மீடிவி 2011-இல் ஸ்வென்கூலியை நாடு முழுவதும் சனிக்கிழமை இரவுக்கு எடுத்துக்கொண்டது. ரப்பர்க் கோழிகளும் பெர்வின் கிண்டலும் அப்படியே தொடர்ந்தன.